வளவின் கணக்கு: கல்லடியில் பெண் உழைப்பும் சீதன வீடும்

உழைப்பைப் பற்றிய சமூகவியல் வேலைத்தலம், சம்பளம், ஒப்பந்தம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடியில் அந்தப் பிடி நழுவுகிறது. குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப்பணிக்குப் போகும் பெண்ணின் உழைப்பை விளங்கிக்கொள்ள, அவள் வாங்கும் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது போய்ச் சேரும் வளவையும் பார்க்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

கிழக்குக் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குரியது. கலியாணத்தோடு அது சீதனமாகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கிறார். பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ பக்கத்துக்கோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களப்பணி செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த ஒழுங்கை விரித்துரைத்திருக்கிறார். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. மீன்பிடியிலும் மேசன் வேலையிலும் வரும் வருமானம் அதற்கு எட்டாது. போருக்குப் பின் அந்த வருமானமும் இல்லாத குடும்பங்கள் பல.

வீட்டைப் பார்த்தே பயணங்களை எண்ணலாம். வீட்டுப்பணி ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். முதல் முறை பழைய கடன் அடைந்து அத்திவாரமும் போட்டால் பெரிய காரியம். அடுத்த முறை சுவர் லிண்டல் மட்டத்துக்கு வரும். கூரையும் நிலைகதவும் இன்னொரு பயணம் கேட்கும், அதுவும் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசும் முன்பு. பூசாத சுவரின் மேல் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் வீட்டைப் பாழ் வீடு என்று வெளியார் நினைக்கக்கூடும். அயலவருக்கு அவள் எத்தனையாம் தரம் போயிருக்கிறாள் என்பது தெரியும்.

புலம்பெயரும் தாயின் பராமரிப்பை இன்னொரு ஏழைப் பெண் ஏற்பதை ஆர்லி ஹொக்ஷீல்ட் 2000 இல் உலகப் பராமரிப்புச் சங்கிலி என்றார். கல்லடியில் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பெரும்பாலும் அம்மம்மா. அவர் புதிதாக எங்கும் போவதில்லை. தாய்வழிக் குடியிருப்பு அவரை ஏற்கெனவே அந்த வளவில் இருத்தியிருக்கிறது. பயணத்தைச் சாத்தியமாக்குவதும், பயணத்தைக் கட்டாயமாக்குவதும் ஒரே வழக்கம்தான். இதை உறவின் பலம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அறுபது கடந்த உடம்பு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறது. அந்த உழைப்பில் எழும் வீடு பேத்திக்குப் போகிறது.

அரசின் பார்வை வேறு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபின், வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். புதிய வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் பதியப்பட்டபோது, பெண்வழிச் சொத்து பல இடங்களில் ஆண் பெயருக்கு மாறியது. 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயை வீட்டுப்பணிக்குப் போகவிடாமல் மறித்தது. பிள்ளை வளர்ந்திருந்தால் யார் பார்ப்பார் என்று விசாரித்தது. 2022 இன் டொலர் நெருக்கடியில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. தாய்மை பற்றிய கவலை அந்நியச் செலாவணியோடு ஏறி இறங்கியதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

தொழிற்படை அளவீட்டின் குறை இன்னும் அடிப்படையானது. வீட்டுவேலை மட்டும் செய்பவர் அதில் பொருளாதார ரீதியில் செயற்படாதவர். ஒன்றாகச் சமைத்து உண்பவர்களே ஒரு வீட்டலகு. ஒரு வளவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு அலகு. பின்வீட்டில் தனியே உலை வைக்கும் அம்மம்மா, முன்வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தாலும், இன்னோர் அலகின் செயற்படாத உறுப்பினராகிறார். வளவை அலகாகக் கொண்டு எண்ணினால், குவைத்திலிருந்து வரும் காசு எத்தனை பேரின் வேலைக்கான கூலி என்பதை முதன்முறையாகக் கேட்க முடியும்.