பெற்றோர் எழுதிய வரலாறு

மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் மருத்துவர்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பெறுகின்றன. அம்மைப்பால் என்றால் ஜென்னரும், வெறிநாய்க்கடி என்றால் பாஸ்டரும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆட்டிசம் என்று வழங்கும் நிலையின் வரலாற்றை அவ்வாறு எழுதி முடித்துவிட இயலாது. அதன் திருப்பங்களில் எல்லாம் ஒரு தாயையோ தந்தையையோ நாம் காண்கிறோம். திருவனந்தபுரம் நகரில் இத்தகைய குழந்தைகளின் குடும்பங்களுக்கு இன்று கிட்டும் உதவிகளும் அந்த நெடிய வழியில் வந்து சேர்ந்தவையே.

முதற்கண் பெயரைப் பற்றிச் சில சொற்கள். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் பிளாய்லர். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், வேறொரு மனநோயின் கூறு ஒன்றைக் குறிக்க அவர் இதனை ஆண்டார். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்பர் சிலர்; ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்பர் வேறு சிலர். முன்னதைக் கேட்போர் அறிவு குன்றிய நிலையென்று மயங்கலாம். பின்னதைக் கேட்போர் செருக்கென்று எண்ணலாம். இக்குழந்தைகளுள் அறிவுத்திறன் மிக்கவரும் உளர், குன்றியவரும் உளர். செருக்குக்கோ இங்கு இடமே இல்லை. ஆதலின், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் ‘ஆட்டிசம்’ என்னும் சொல்லை அப்படியே வழங்குவோம். பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, பழகிய ஒழுங்கு சிறிது மாறினும் பொறுக்கமாட்டாமை, ஒலியும் ஒளியும் தொடுகையும் மிகுந்து தாக்குதல் ஆகியவை இதன் பொது இயல்புகள்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தைச் சார்ந்த பாரஸ்ட் என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டு பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். அவருடைய தந்தையார் ஒரு வழக்கறிஞர். மகனுடைய போக்கை நாள்தோறும் கூர்ந்து நோக்கிய அவர், 1938இல் 33 பக்கங்கள் கொண்ட கடிதம் ஒன்றைப் பால்டிமோர் நகரில் இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். 1943இல் கானர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை 8 ஆண், 3 பெண் ஆக 11 குழந்தைகளை விவரிப்பது. அதில் முதலாவதாக நிற்பவர் டொனால்ட். மாஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் மருத்துவர் 1920களிலேயே இத்தகைய சிறுவரைப் பற்றி எழுதியிருந்தார். எனினும் உலகின் கவனத்தை ஈர்த்தது கானரின் கட்டுரையே. அதற்கு அடிப்படையாக அமைந்த சான்றுகளுள் தலையாயது ஒரு தந்தையின் கடிதம்.

அக்கடிதத்துக்கு உலகம் அளித்த கைம்மாறு வியப்புக்குரியது. பெற்றோரின் அன்பின்மையே குழந்தையின் நிலைக்குக் காரணம் என்ற கருத்து எழுந்தது. கானரே 1949இல் அப்பெற்றோரைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டு எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் இப்பழியைப் பொதுமக்களிடையே பரப்பியது. உதவி நாடி மருத்துவரிடம் சென்ற தாய், குற்றவாளியாக வீடு திரும்பினாள்.

இப்பழியைத் துடைத்தவர்களும் பெற்றோரே. அமெரிக்கக் கடற்படையில் உளநூலறிஞராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாந்து, ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தை. அவர் 1964இல் எழுதிய நூலில், இந்நிலைக்கு வேர் உடற்கூற்றில் உள்ளதென்று வாதிட்டார். மறு ஆண்டே பெற்றோர் சங்கம் ஒன்று உருவாகத் துணைநின்றார். இலண்டனில் 1962இலேயே பெற்றோர் கூடிச் சங்கம் கண்டனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவராகவும் ஆட்டிசம் உடைய மகளின் தாயாகவும் இருந்தவர். 1969இல் அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து நின்ற கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977இல் போல்ஸ்டீனும் ரட்டரும் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு, மரபுக்கூற்றின் பங்கைத் தெளிவாக்கியது. அவர்கள் ஆராய்ந்தவற்றுள், ஒரே கருவில் தோன்றிய 11 இரட்டையர் இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் தோன்றிய 10 இணைகளில் ஒன்றிலும் அவ்வாறு இல்லை. ஆயினும், “தாய் வளர்த்த முறை சரியில்லை” என்னும் சொல் நம் இல்லங்களில் இன்னும் ஒலிக்கிறது. அறிவியல் விடுவித்தவரை உறவினர் மீண்டும் கூண்டில் ஏற்றுவது தகுமோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆட்டிசம் உடைய மகனின் தாயாகிய மேரி பரூவா, 1991இல் தில்லியில் ‘ஆக்ஷன் பார் ஆட்டிசம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. சட்டத்தில் பெயர் இல்லாத குழந்தைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் சலுகையும் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் 40 கூறுகள் கொண்ட இந்திய அளவீட்டு முறையை வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது.

திருவனந்தபுரத்தின் பங்கு இவ்வரலாற்றில் சிறிதன்று. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம். கே. சி. நாயரும் அவருடைய குழுவினரும் வகுத்த ‘திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை’ 1991இல் வெளியாயிற்று. இரண்டு வயது வரையுள்ள குழந்தையின் வளர்ச்சியை 17 செயல்களைக் கொண்டு சில நிமிடங்களில் சோதிக்கும் எளிய கருவி அது. அங்கன்வாடிப் பணியாளரும் கையாளத்தக்கது. ஆட்டிசத்துக்கென்றே அமைந்ததன்று எனினும், வளர்ச்சித் தாமதத்தைக் காலத்தே காணும் பழக்கத்தை அது வளர்த்தது. கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம் அப்பணியைத் தொடர்கிறது. ஆக்குளத்தில் 1997இல் தோன்றிய ‘நிஷ்’ என்னும் பேச்சு, செவிப்புலன் நிறுவனம், பின்னர் ஆட்டிசம் உடைய இளங்குழந்தைகளுக்கும் பயிற்சி அளிக்கத் தலைப்பட்டது. உள்ளாட்சி மன்றமும் குடும்பஸ்ரீயும் இணைந்து நடத்தும் ‘பட்ஸ்’ பள்ளிகளுள் முதலாவது, 2004இல் இம்மாவட்டத்து வெங்ஙானூரில் திறக்கப்பெற்றது. டெக்னோபார்க்கின் முதல் தலைமை நிர்வாகியாக விளங்கிய ஜி. விஜயராகவன் நிறுவிய ‘கேடர்’ என்னும் மையமும் இந்நகரில் உள்ளது.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை ஆண்டாகியும் வேண்டியதை விரலால் சுட்டாமை, வந்த பேச்சு மறைந்துபோதல் ஆகியவற்றைக் கண்டால், “ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசுவான்” என்று காத்திராமல் இத்தகைய இடத்தை நாடுதல் நன்று.

நிலையங்கள் உள்ளமையால் இடர்கள் நீங்கிவிட்டன என்று கொள்ளலாகாது. கரமனையிலும் சாலையிலும் கோட்டைப் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டு மொழி தமிழ். பயிற்சி மொழி மலையாளம். பள்ளி மொழி ஆங்கிலம். ஒரே மொழியில் பேசுங்கள் என்று சொல்லக்கேட்டுத் தாய்மொழியையே கைவிட்ட பெற்றோரும் உளர். இரு மொழிச் சூழல் இக்குழந்தைகளின் பேச்சை மேலும் தாமதப்படுத்துவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாய் தனக்கு இயல்பான மொழியில் கொஞ்சுவதும் பாடுவதும் குழந்தைக்குக் கேடன்று.

மத்திய அரசு ஊழியருக்கு மற்றொரு சிக்கல் இடமாற்றம். பழகிய ஆசிரியையையும் பழகிய தெருவையும் இழக்கும் குழந்தை, பல மாதங்களில் கற்றதைச் சில நாட்களில் இழக்கக்கூடும். ஊனமுற்ற குழந்தையைப் பேணும் ஊழியரை வழக்கமான சுழல் இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என 2014இல் பணியாளர் துறை ஆணையிட்டது. 2018இல் அவ்வாணை 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கேற்ப விரிவாக்கப்பெற்றது. இதனை அறியாதோர் பலர். அறிந்தும் கேட்கத் தயங்குவோர் சிலர். தனியார் பணியிலும் கூலி வேலையிலும் உள்ளோர்க்கு இந்நிழலும் இல்லை. அவர்களுள் வேலையை விடுபவர் பெரும்பாலும் தாயே.

பொய்ம்மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதென்ற ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. முற்றிலும் குணப்படுத்துவோம் என்று விலைகூறுவோரிடம் செலவிடும் பணமும் காலமும், பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாட வாழ்க்கைப் பயிற்சிக்கும் உரியவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி எல்லாப் பெற்றோர் உள்ளத்திலும் உள்ளது: “எங்களுக்குப் பின் யார்?” 1999ஆம் ஆண்டுச் சட்டம் இக்கேள்வியைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதிக்கொண்டது. மாவட்ட ஆட்சித்தலைவர் நிலையிலுள்ள அதிகாரியும், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதியும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர்க் குழு, பதினெட்டு வயது கடந்தவர்க்குத் தேவைப்படின் காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் காப்பாளர் கையெழுத்திடலாம். மாலையில் உடன் அமர்ந்து உண்பவர் யார்? வளர்ந்தவர்க்கான இல்லங்களும் வேலைவாய்ப்பும் போதிய அளவில் இன்னும் அமையவில்லை.

டொனால்ட் டிரிப்லெட் தம் ஊரிலேயே வாழ்ந்தார், வங்கியில் பணிபுரிந்தார், பெற்றோர் மறைந்த பின்னரும் பல ஆண்டுகள் ஊராரின் அரவணைப்பில் இருந்து, 2023இல் 89ஆம் வயதில் காலமானார். அவருக்குக் குடும்பச் செல்வம் இருந்தது. அவர் வேலை செய்த வங்கியும் குடும்பத்தாருடையதே. செல்வம் அவருக்கு அளித்ததை நம் ஊர்க் குழந்தைக்குச் சட்டமும் சமூகமுமே அளித்தாக வேண்டும். பொங்காலை நாளின் ஒலிபெருக்கிக்கு அஞ்சிக் காதைப் பொத்தும் சிறுவனை முறைத்துப் பார்க்காமல் வழிவிடும் அண்டை வீட்டாரும் இவ்வரலாற்றில் ஒரு வரி எழுதுபவரே. இதுகாறும் பெற்றோர் தனித்தே எழுதினர். இனிவரும் பக்கங்களை நாமும் உடனிருந்து எழுதுதல் கடன்.