மஞ்சள் காமாலையுள்ள பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுதல்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும், குறைமாதத்தில் பிறப்போரில் சுமார் 80 சதவீதத்தினருக்கும் முதல் வாரத்தில் தோலும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகத் தோன்றுகின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் நிறமியை, முழுமையாகப் பக்குவமடையாத கல்லீரலால் விரைந்து வெளியேற்ற இயலாமையே இதற்குப் பொதுவான காரணமாகும். பெரும்பாலும் 2 அல்லது 3-ஆம் நாளில் தோன்றி, இரண்டு வாரங்களுக்குள் தானாகவே குறைந்துவிடும். இது தொற்றுநோய் அன்று. தாய் உண்ட உணவாலோ, உணவில் சேர்த்த மஞ்சளாலோ இது வருவதில்லை. ஆகவே இதற்கெனத் தாய் பத்தியம் இருக்க வேண்டியதில்லை.

பால் குடிக்காமல் உறங்கும் குழந்தை

பிலிரூபின் மலத்தின் வழியாகவே பெருமளவு வெளியேறுகிறது. குழந்தைக்குப் போதிய பால் கிடைக்காவிடில் மலம் கழிவது தாமதமாகும். குடலில் தங்கிய நிறமி மீண்டும் இரத்தத்தில் கலக்கும். நிறமி கூடக் கூடக் குழந்தை சோர்ந்து உறங்கும். உறங்கும் குழந்தை மேலும் குறைவாகவே குடிக்கும். பால் ஊட்டுவதில் தாய்மார்கள் படும் சிரமத்தின் வேர் பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான். “சமர்த்தாகத் தூங்குகிறது, எழுப்பாதே” என வீட்டுப் பெரியவர்கள் கூறினாலும், இக்குழந்தையை எழுப்பியே ஆக வேண்டும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும் தவறாமல் பால் ஊட்டுங்கள். துணியைத் தளர்த்தி, குழந்தையை உங்கள் மார்பின்மேல் தோலோடு தோல் படுமாறு கிடத்துங்கள், உள்ளங்காலை வருடுங்கள். குடிக்கும்போதே உறங்கினால் மார்பை மெல்ல அழுத்திப் பாலை வரச் செய்யுங்கள். காம்பை மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள கருநிறப் பகுதியின் பெரும்பகுதியையும் குழந்தை கவ்வியிருக்கிறதா எனச் செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சப்பவில்லையெனில், 2 அல்லது 3 மணி நேரத்திற்கு ஒருமுறை கையால் பாலைப் பீய்ச்சி, சுத்தமான பாலாடையில் ஊட்டலாம். பால் சுரப்பு குறையாமல் இருக்கவும் இது உதவும்.

முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவுதான்; ஆனால் கரிய முதல் மலத்தை இளக்கி வெளியேற்ற வல்லது. அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். 5-ஆம் நாளுக்குள் மலம் மஞ்சளாக மாறி, நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுமானது எனக் கொள்ளலாம்.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் நீர், கழுதைப்பால், கீழாநெல்லிச் சாறு ஆகிய எதுவும் கொடுக்கக் கூடாது. இவை வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலைக் குறைக்கும். கிருமித் தொற்றையும் உண்டாக்கக்கூடும். காலை வெயிலில் காட்டுவது ஒளி சிகிச்சைக்கு ஈடாகாது. அதை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப் போடுவதே பெரிய ஆபத்து. குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை வைப்பதையும் தவிர்க்கவும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கடுமையாக்கும்.

ஒளி சிகிச்சையின்போது

நீலநிற ஒளி, தோலில் உள்ள பிலிரூபினை எளிதில் வெளியேறக்கூடிய வடிவமாக மாற்றுகிறது. கண்கள் மூடப்பட்டு, விளக்கின்கீழ் தனியே கிடக்கும் குழந்தையைப் பார்ப்பது எந்தத் தாய்க்கும் வேதனைதான். எனினும் பெரும்பாலான குழந்தைகளைப் பால் ஊட்டுவதற்காகச் சிறிது நேரம் வெளியே எடுக்கலாம். செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். நிறமியின் அளவு மிக அதிகமாயிருந்து எடுக்க இயலாத நிலையில், பீய்ச்சிய பாலைக் கொடுக்கலாம். எடை வெகுவாகக் குறைந்திருந்தால் தாய்ப்பால் வங்கியின் பாலையோ, மாற்றுப் பாலையோ மருத்துவர் சில நாட்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். அது உங்கள் குறையன்று; உங்கள் பாலை நிறுத்துவதற்கான காரணமும் அன்று.

நன்றாகக் குடித்து எடை கூடும் சில குழந்தைகளுக்குத் தாய்ப்பாலின் தன்மையாலேயே மஞ்சள் நிறம் பல வாரங்கள் நீடிக்கலாம். இதற்காகவும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் 14 நாட்களைக் கடந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். மலம் வெளிறியும் சிறுநீர் அடர்மஞ்சளாகத் துணியில் கறை படியுமாறும் இருந்தால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாட்களுக்குள் செய்யப்படுவதே சிறந்த பலன் தரும்.

உடனே செல்ல வேண்டிய நிலைகள்

பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாநிறக் குழந்தைகளிடம் நிறமாற்றம் எளிதில் புலப்படாது. பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்தும், ஈறுகளையும் பாருங்கள். எழுப்பியும் பால் குடிக்க மறுத்தல், உடல் துவளுதல், கீச்சிட்டு அழுதல், முதுகை வில்போல் வளைத்தல், வலிப்பு, காய்ச்சல் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதையோ கடுந்தொற்றையோ உணர்த்தக்கூடும். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கான பரிசோதனையும் சிகிச்சையும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம். வழியில் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருங்கள். குடிக்கும் நிலையில் இருந்தால் தொடர்ந்து பால் கொடுங்கள்.