ரெண்டு டிஸ்க், ரெண்டு ஓ.எஸ்.: வரைபடம் யார் கையில்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறைன்னு வச்சுக்குங்க. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், சில வருஷத்தில் டைட்டனும் வந்த பிறகு அந்தப் பக்கம் இப்படிப் பட்டறைகள் நிறைய முளைச்சது. முதலாளிக்குச் சொத்து மெஷின் மட்டுமில்லை, கம்ப்யூட்டர்ல இருக்கிற டிராயிங்கும்தான். அது போச்சுன்னா ஆர்டர் போச்சு. அதனால விண்டோஸ்லயே ரெண்டு டிஸ்க்கை மிரர் பண்ணி வச்சிருக்கார். அதே கம்ப்யூட்டர்ல லினக்ஸும் டூயல் பூட். ஒருநாள் விண்டோஸ் எழுந்திருக்கல. லினக்ஸ்ல இருந்து அந்த டிராயிங்கை எடுக்க முடியுமா?

பதில் வரலாற்றில் இருக்கு. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டாங்க. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலா, மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒண்ணா வேலை வாங்கலாம்னு சொன்னாங்க. ஆனா எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்குங்கிற வரைபடத்தை எங்கே எழுதி வைக்கணும்னு பொதுவான ஒரு முறை அதிலிருந்து வரல. ஒவ்வொருத்தரும் தன் வழியில் எழுதினாங்க.

1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. அந்த வரைபடத்தைத் தன்னோட ரெஜிஸ்ட்ரியில் வச்சது. வேற ஓ.எஸ். வந்து பார்த்தா டிஸ்க் இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்காது. விண்டோஸ் 2000-ல் டைனமிக் டிஸ்க் வந்தது. வரைபடம் டிஸ்க்கோட கடைசி ஒரு எம்.பி. இடத்துக்கு வந்துடுச்சு. வெளி ஆள் படிக்க ஒரு வழி கிடைச்சது. லினக்ஸ்காரங்க அந்த அமைப்பை ஆராய்ஞ்சு கெர்னலிலேயே படிக்க வச்சாங்க. பிறகு எல்டிஎம்டூல் வந்தது. ஆக, பட்டறைக்காரர் கேள்விக்குப் பதில்: முடியும்.

எதிர்த்திசையில் கதை வேற. லினக்ஸோட சொந்த ரெய்டை, அதாவது எம்டிஅட்ம் கட்டுற அமைப்பை, விண்டோஸ் தானாப் படிக்காது. பார்ட்டிஷன் போடாம முழு டிஸ்க்கையும் ரெய்டில் சேர்த்திருந்தா, "இனிஷியலைஸ் பண்ணவா?"ன்னு விண்டோஸ் கேட்கும். ஓகே அழுத்தினா அதுமேலேயே எழுதிடும்.

நம்ம ஊருக்கு டூயல் பூட் புதுசில்லை. 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. ஆனா அதில் ஒரே டிஸ்க்; இந்தச் சிக்கல் எழல.

பெரிய ஆபத்து படிக்கிறதில் இல்லை, எழுதுறதில். மிரரில் ஒரு பாதியை மட்டும் சாதாரண டிஸ்க் மாதிரி திறந்து லினக்ஸ் எழுதிட்டா, ரெண்டு பாதியும் வேற வேற ஆயிடும். அடுத்த தடவை விண்டோஸ் அது தெரியாம ரெண்டையும் ஒண்ணுன்னு நம்பும். பழைய கோப்பு ஒரு நேரம், புதுசு ஒரு நேரம் வரும். 2012-ல் விண்டோஸ் 8-ல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னொரு வம்பு: ஷட்டவுன்னு நீங்க நினைப்பீங்க, விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். அப்போ வெளியிலிருந்து எழுதினாலும் கோப்பு கெடும்.

அதனால என் யோசனை இது. அடுத்த ஓ.எஸ்.ஸில் இருந்து ரீட் ஒன்லியா மட்டும் மவுண்ட் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் எழுதணும்னா, ரெய்டை ஒரு தனி கம்ப்யூட்டர்ல வச்சு நெட்வொர்க் வழியா கொடுங்க; அப்போ வரைபடம் ஒருத்தர் கையில் மட்டும் இருக்கும். டிராயிங்குக்கு ஒரு நகல் தனியா வெளியே இருக்கட்டும். மிரர் டிஸ்க் கெட்டா காப்பாத்தும். தப்பா எழுதினா அந்தத் தப்பையும் சேர்த்தே நகல் எடுக்கும்.