வேடந்தாங்கல்: பறவைகளுக்காக வாங்கிய கவுல்

விலங்கியல் என்றால் தவளையை அறுப்பது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காமர்ஸ் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் :-) உத்திரமேரூர் பக்கத்து வயல்களில் நத்தை பொறுக்கும் நாரைகள் எங்கே போய்க் கூடு கட்டும் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

வேடந்தாங்கல் நமக்குப் பக்கத்து ஊர்தான். 2019ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அந்த ஊர்தான் வேட்டையை எதிர்த்து மனு கொடுத்தது! 1790களில் வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான்.) அவர் 'இங்கே யாரும் சுடக்கூடாது' என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858ல் ஊரார் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கிலாந்திலேயே கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் 1869ல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை? வெறும் ஜீவகாருண்யம் மட்டும் இல்லை. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம். சுற்று வட்டார ஏரிகளின் மீனும் நத்தையும் தழைச்சத்தாக, மணிச்சத்தாக இந்த 30 ஹெக்டேர் ஏரிக்கு வந்து சேர்கிறது. செலவு பக்கத்து ஊர்க் கணக்கில், வரவு நம்ம கணக்கில்! பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைக் கவனிப்பது இந்தப் பக்கத்துக்குப் பழைய பழக்கம்.

அந்தக் காலத்து விலங்கியலாளர்கள் வேறு மாதிரி. சென்னை ராணுவ டாக்டர் ஜெர்டன் எழுதிய 'இந்தியப் பறவைகள்' 1862லிருந்து 1864க்குள் வெளிவந்தது. மிகப் பெரிய வேலைதான். ஆனால் அன்றைக்கு ஒரு பறவையை அடையாளம் சொல்ல, முதலில் அதைச் சுட்டுத் தோலை உரிக்க வேண்டும். எந்தப் பறவை என்ன தின்னும், எப்போது வரும், அதனால் நிலத்துக்கு என்ன லாபம் என்பதை உயிரோடு பார்த்தே கற்றவர்கள் வேடந்தாங்கல் விவசாயிகள். இதுவும் விலங்கியல்தானே? பாடப்புத்தகத்தில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

1936ல் சரணாலயம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு நீண்டது. 2020ல் அதை 3 ஆகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான எதிர்ப்பு என்றே சொல்வேன். பறவை ஏரியில் தூங்குகிறது, சாப்பாடு வெளியேதான். ஏரியை மட்டும் காப்பாற்றினால் பட்டினிதான் போடுகிறோம். 2022ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்திருக்கிறது.

சீசன் நவம்பரில் ஆரம்பம். போகிறவர்கள் சாயங்காலமாகப் போங்க. மத்தியானம் பாதிப் பறவைகள் நம்ம பக்கத்து வயல்களில்தான் இருக்கும்.