மேசை ஏறினால் மாறுவது சீட்டு அல்ல: இணையப் போக்கர் பற்றிச் சில விளக்கங்கள்

பாரிஸில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அழைப்பு எடுத்தால் எங்களுக்கு விடியப்புறம் ஐந்தரை மணியாக இருக்கும். அவருக்கு அப்போது இரவு ஒரு மணி. உணவகத்தில் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு அறைக்கு வந்திருப்பார். கடந்த மாரி காலத்தில் ஒரு நாள், வழமையான சுகம் விசாரிப்பு எதுவுமில்லாமல் கேட்டார்: "தம்பி, அஞ்சு மாசம் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஒன்பது நாளில விட்டிட்டன். இந்தச் சைட் கள்ளமோ?"

அவர் இணையத்தில் போக்கர் விளையாடுகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. பிரான்சில் 2010 முதல் உரிமம் பெற்ற தளங்களில் அது சட்டபூர்வமானது. கள்ளமா என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் அனுப்பிய ஆட்டப் பதிவுகளை வாசித்தேன். மிகச் சிறிய தொகை மேசைகளில் நானும் சில வாரங்கள் இருந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. விளையாடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏற்கனவே விளையாடுபவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

304 விளையாடி வளர்ந்தவர்களுக்குப் போக்கரின் அடிப்படை கடினமில்லை. அதிகம் ஆடப்படும் 'டெக்சஸ் ஹோல்டெம்' வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசை நடுவே ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கொடுக்கலாம், கூட்டலாம் அல்லது சீட்டை மடித்து விலகலாம். 304இல் கூட்டாளி இருப்பார். இங்கே யாரும் இல்லை. முக்கியமான வேறுபாடு இன்னொன்று: நல்ல சீட்டே இல்லாமல் பெரிய பந்தயம் கட்டி எல்லோரையும் விலகச் செய்தாலும் நடுவில் சேர்ந்த காசு உங்களுக்குத்தான். இதை 'பிளஃப்' என்கிறார்கள்.

மேசைகள் தொகைப்படி பிரிக்கப்பட்டிருக்கும். ஆகக் குறைந்த மேசையில் கட்டாயப் பந்தயங்கள் 1 சதமும் 2 சதமும். அதற்கு மேல் 2/5, 5/10 என்று ஏறிக்கொண்டே போகும். வழமையாகப் பெரிய கட்டாயப் பந்தயத்தின் நூறு மடங்குடன் அமர்வார்கள். 5/10 சத மேசையில் அது 10 யூரோ, 25/50 சத மேசையில் 50 யூரோ. அண்ணா முதலாவதில் ஐந்து மாதத்தில் 400 யூரோ வென்றிருந்தார். பிறகு இடையில் இருந்த படியையும் தாண்டி இரண்டாவதில் போய் அமர்ந்தார்.

வென்ற காசு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. போக்கர் மேசை எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஒருவர் வெல்வது இன்னொருவர் இழப்பதைத்தான். தளமும் நடுவில் சேரும் காசிலிருந்து கொமிஷன் எடுக்கும். பெரும்பாலும் ஏறத்தாழ 5 வீதம், ஒரு உச்ச வரம்புடன். ஆகவே சராசரியாக ஆடுபவர் சமநிலையில் நிற்பதில்லை, மெதுவாக இழக்கிறார். கீழ் மேசைகளில் அண்ணா வென்றதற்குக் காரணம், பொழுதுபோக்காக வந்தவர்கள் எந்தச் சீட்டோடும் கடைசி வரை காசு கொடுத்தார்கள் என்பதே. நல்ல சீட்டுக்குக் காத்திருந்து பந்தயம் கட்டினால் போதும், பிளஃப் தேவைப்படவில்லை.

மேலே உள்ள மேசையில் இருப்பவர்களில் பலர் அதையே செய்து, கீழிருந்து வென்று ஏறி வந்தவர்கள். அண்ணாவின் பாணியை அவர்கள் ஏற்கனவே ஆடிப் பழகியிருக்கிறார்கள். அவர் பந்தயம் கட்டினால் விலகினார்கள், காசு வரவில்லை. அவர் தயங்கினால் தாக்கினார்கள். "இஞ்ச ஒருத்தரும் சும்மா காசு தாறாங்கள் இல்லை, திருப்பி அடிக்கிறாங்கள்" என்றார்.

பதிவுகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அவரிடம் ஓர் ஏஸ் சோடி. நடுவில் 60 யூரோ. கடைசிச் சீட்டு விழுந்ததும் எதிராளி 60 யூரோ கட்டுகிறார். பத்துச் சத மேசையில் அப்படிக் கட்டுபவரிடம் அநேகமாக அதைவிடப் பெரிய சீட்டு இருக்கும், விலகுவதே சரி. அந்தப் பழக்கத்தில் அண்ணா இங்கும் நான்கில் மூன்று தடவை விலகியிருந்தார். கணக்குப் பாருங்கள். எதிராளி கையில் ஒன்றுமே இல்லை என்று வைத்தாலும், மூன்று தடவை 60 யூரோ வெல்கிறார், ஒரு தடவை 60 இழக்கிறார். நான்கு ஆட்டத்தில் 120 யூரோ லாபம். சீட்டைப் பார்க்கவே தேவையில்லை. ஈடு கொடுப்பவரின் கணக்கு வேறு: 60 கொடுத்தால் 120 கிடைக்கும் என்பதால், மூன்றில் ஒரு தடவை சரியாக இருந்தாலே நட்டமில்லை.

இதைச் சொன்னதும் அவர் மறுபக்கத்துக்குப் போனார். இரண்டு நாள் எல்லாவற்றுக்கும் ஈடு கொடுத்தார், மிச்சமும் போயிற்று. இப்படி மாறுவதில் பயனில்லை. மேலே போகும்போது ஆரம்பத்தில் குறைவான ஆட்டங்களில் இறங்குவது, முடிவெடுக்கும் வரிசையில் கடைசியாக வரும் இடத்திலிருந்து அதிகம் ஆடுவது, எந்த எதிராளி எதற்குக் கட்டுகிறார் என்று குறித்து வைப்பது, கெட்டிக்காரர்கள் மட்டும் இருக்கும் மேசையிலிருந்து எழும்புவது ஆகியவையே தேறியவர்கள் செய்வது. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலானோருக்குக் கடினம். தோற்ற மேசையிலேயே மீட்க வேண்டும் என்ற ரோசம் விடாது.

இந்த ரோசம் பெரிய ஆட்டக்காரர்களையும் விட்டதில்லை. 2009இல் 'இசில்டுர்1' என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தின் மிகப் பெரிய மேசைகளுக்கு வந்தார். விக்டர் புளொம் என்ற 19 வயதுச் சுவீடன் இளைஞர் அவர் என்பது பின்னரே உறுதியானது. டொம் டுவான் போன்ற முன்னணி வீரர்களிடம் ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடி மில்லியன் கணக்கில் வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 8இல் பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்கரிடம் ஒரே நாளில் சுமார் 42 இலட்சம் டொலரை இழந்தார். ஹேஸ்டிங்ஸும் நண்பர்களும் அவருடைய ஆயிரக்கணக்கான ஆட்டப் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. அதில் தள விதி மீறப்பட்டதென்று, நண்பர்களில் ஒருவரான பிரையன் டவுன்சென்டின் விளம்பரப் பிரதிநிதி அந்தஸ்து ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. போன காசு திரும்பவில்லை.

இன்று அப்படி ஆராய நண்பர்களே தேவையில்லை. 2015 அளவிலிருந்து, எந்த நிலையில் எவ்வளவு கட்டுவது என்று கணிக்கும் மென்பொருள்கள் சாதாரணக் கணனியிலேயே ஓடுகின்றன. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராட்டஸ்' நிரல் 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை வீரர்களைத் தோற்கடித்தது. 50 சத மேசையில் இருப்பவரும் பகலில் இத்தகைய மென்பொருளோடு படித்துவிட்டு வருபவராக இருக்கலாம். அண்ணா பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறார்.

அப்படியென்றால் தளம் கள்ளமில்லையா? அவர் ஒன்பது நாளில் ஆடியது ஏறத்தாழ 4,000 ஆட்டங்கள். போக்கரில் அது மிகச் சிறிய எண்ணிக்கை. நூறு ஆட்டத்துக்குப் பெரிய கட்டாயப் பந்தயத்தின் ஐந்து மடங்கு வெல்லும் நல்ல வீரர்கூட, 10,000 ஆட்டங்களின் முடிவில் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல். எனவே அந்த நட்டம் தளத்தின் கள்ளத்தைக் காட்டவில்லை. அண்ணாவின் திறமையின்மையை முழுதாக நிரூபிக்கவும் இல்லை. ஐந்து மாத வெற்றியையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதை அவர் விரும்பவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் கையிருப்பு விதிகள் உள்ளன. 2000ஆம் ஆண்டு உலகப் போட்டியில் வென்ற கிறிஸ் பெர்குசன், சதமும் இல்லாமல் தொடங்கி 10,000 டொலர் சேர்க்கும் முயற்சியில் ஒரு மேசைக்கு மொத்தக் கையிருப்பில் 5 வீதத்துக்கு மேல் கொண்டுபோகவில்லை. (அவர் நிறுவனர்களில் ஒருவராக இருந்த தளமே 2011இல் வீரர்களின் வைப்புக் காசைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது வேறு கதை.) அந்த விதிப்படி 50 யூரோ மேசைக்கு 1,000 யூரோ வேண்டும். அண்ணாவிடம் இருந்தது 600.

ஆனால் அந்த விதிகள் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: கையிருப்பு என்பது வேறு யாருக்கும் சேராத காசு. எங்கள் ஆட்களிடம் அப்படியொரு காசு எங்கே இருக்கிறது? சம்பளம் வருமுன்பே ஏஜென்சிக் கடன், அம்மாவின் மருந்து, அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குச் சீமெந்து என்று அது பிரிந்துவிடுகிறது. கணக்கு வெறுமையானதும் அண்ணா மேலும் 150 யூரோ போட்டார். அது கிளிநொச்சிக்குப் போக இருந்த காசு. அந்த மாதம் ஏன் குறைவாக வந்தது என்று பெரியம்மா கேட்கவில்லை. கேட்கமாட்டார்.

பிரான்சில் கணக்குத் திறக்கும்போதே வைப்புக்கும் பந்தயத்துக்கும் வரம்பு குறிக்க வேண்டும். அண்ணா பெரிய இலக்கம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருந்தார். முழுமையாக விலக விரும்புபவர்கள் அங்குள்ள தேசிய சூதாட்ட அதிகார சபையிடம் தங்களைத் தடைசெய்யுமாறு கோரலாம். குறைந்தது மூன்று வருடம், இடையில் மீளப் பெற முடியாது. பிரித்தானியாவில் 'கேம்ஸ்டொப்' ஊடாக ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தெரிவு செய்யலாம். இவற்றைப் பற்றி அவரிடம் சொன்னபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

தடை கோரவில்லை. வரம்பை வாரத்துக்கு 10 யூரோவாகக் குறைத்தார், பத்துச் சத மேசைக்குத் திரும்பினார். இப்போது சம்பளம் விழுந்த அன்றே பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் எனக்கும் போடுகிறார். நான் கேட்டதில்லை.