பச்சைக்கல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பழைய மண்வீடுகளை அண்மையில் ஒரு கட்டுரை 'அடோபி வீடுகள்' என்றது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அடோபி ஸ்பானியச் சொல். அரபு 'அத்தூப்'பிலிருந்து வந்தது. அதன் வேர் பண்டை எகிப்திய மொழியில் இருக்கிறது. அங்கே மண்ணில் அறுத்த கல்லைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் அந்தக் கல்லால் எழுந்த வீட்டுக்கும் பெயராயிற்று. சுடாத மண்கல்லுக்கு நம்மிடம் 'பச்சைக்கல்' இருக்கிறது. சூளை காணாத பானை பச்சைப்பானை, அவிக்காத நெல்லின் அரிசி பச்சையரிசி. அதே பச்சைதான் இதுவும். சூளையில் வெந்தால் அது செங்கல். அகநானூற்றில் வரும் 'இட்டிகை' வடமொழி வழி வந்தது, இன்று பேச்சில் இல்லை. நகைக்கடையில் பச்சைக்கல் என்றால் மரகதம்தான்; சுவரைப் பற்றிய பேச்சில் யாரும் குழம்பப்போவதில்லை. ஆனால் ஒன்று: படுவான்கரையில் எழுந்த மண்வீடுகள் பல, கல்லறுத்துக் கட்டியவையே அல்ல. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பியவை. அவற்றுக்கு அடோபியும் பொருந்தாது, பச்சைக்கல்லும் பொருந்தாது. கல்வீடுகளுக்கிடையே எஞ்சி நிற்பவற்றைப் பற்றி எழுதுவோர் முதலில் சுவரைப் பாருங்கள். அறுத்த கல்லென்றால் பச்சைக்கல் வீடு, இல்லையென்றால் மண்வீடு என்றே எழுதுங்கள்.