ஒரே வக்காலத்தில் இரு நலன்கள்

பாகப்பிரிவினை வழக்குகளில் பழகிய வக்கீல்கள் அனைவரும் அறிந்த தர்மசங்கடம் ஒன்று உண்டு. தங்கை பங்கு கேட்டுப் பிராது கொடுக்க, பிரதிவாதிகளான அண்ணன்மார் மூவரும், செலவு குறையுமே என்று ஒரே வக்கீலிடம் வக்காலத்துக் கொடுத்துவிடுகின்றனர். எதிர்வழக்குரை தாக்கலாகும் வரையில் மூவர் நலனும் ஒன்றாகவே இருக்கிறது. சாட்சி விசாரணை நெருங்கும் வேளையில் மூத்தவர் தனியே வந்து, கடைத்தெருக் கட்டடத்தைத் தகப்பனார் தமக்கே எழுதிவைத்த உயிலொன்றை மேசைமேல் வைத்து, "தம்பிகளுக்கு இது இப்போதைக்குத் தெரியவேண்டாம்" என்று சொல்வாராயின், அந்தக் கணம் முதல், அவருக்குச் சொல்லும் யோசனை ஒவ்வொன்றும் இளையவர்களுக்குத் தீங்காகவும், இளையவர்களை எச்சரிப்பது அவருடைய இரகசியத்தை வெளியிடுவதாகவும் ஆகிவிடுகிறது. துரோக சிந்தை சிறிதுமில்லாத நல்ல வக்கீலுக்கே இது நேர்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. இரு கட்சியிலும் கை நீட்டுபவரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை.

1961ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் கீழ் அகில இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளுள் 14ஆவது விதி, கட்சிக்காரரின் முடிவைப் பாதிக்கக்கூடிய தொடர்புகளையும் நலன்களையும் வழக்கை ஏற்கும்போது மட்டுமன்றி, அது நடந்துகொண்டிருக்கும் காலத்திலும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டுமென்கிறது. தமிழ்நாட்டு வழக்குரைஞர் ஒருவரைப் பற்றி 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மேல்முறையீட்டில், தனியே தீர்ப்பெழுதிய நீதிபதி ஏ. பி. சென், நலன்கள் முரண்படுவதாக உணர்ந்த வக்கீல் வேறொருவரை அமர்த்திக்கொள்ளும்படி கட்சிக்காரருக்குச் சொல்லவேண்டும் என்றும், யாவற்றையும் தெரிவித்துச் சம்பந்தப்பட்ட எல்லோருடைய வெளிப்படையான சம்மதத்தையும் பெற்றாலன்றி முரண்பட்ட நலன்களுக்காக ஆஜராவது தொழில் தர்மமன்று என்றும் எடுத்துரைத்தார். நம் வக்கீலுக்கோ, உயிலைப் பற்றி வாய் திறவாமல் தம்பிகளிடம் சம்மதம் கேட்க வழியில்லை. ஆகவே மூவரையும் விட்டு விலகுவதே அவருக்கு எஞ்சிய மார்க்கம். மூத்தவரை மட்டும் வைத்துக்கொள்வது சாமர்த்தியமாகத் தோன்றலாம். தம்பிமார் முன்பு நம்பிச் சொன்னவை அவர் நினைவில் இருக்கும்போது அதுவும் தகாது.

ஒரு விவகாரத்தில் யோசனை சொன்னவரோ, வழக்குரை வரைந்தவரோ, ஒரு தரப்புக்காக நடந்தவரோ எதிர்த்தரப்புக்குத் தோன்றலாகாது என்னும் 33ஆவது விதி தனி வழக்குரைஞரை நோக்கியே பேசுகிறது. ஆனால் கட்டுகளைப் பிரித்து வாசிக்கும் ஜூனியரும், நகல் எடுக்கும் குமாஸ்தாவும் சேர்ந்ததன்றோ ஒரு வக்கீலின் அலுவலகம்! இங்கிலாந்தில் 1912இல் ராகுசன் வழக்கில், ஒருவர் கட்சிக்காரரை மற்றவர் அறியாமலே தொழில் நடத்திய இரு கூட்டாளிகள்மீது எதிர்த்தரப்புக்காக நடக்கலாகாதென்று கீழ்நீதிமன்றம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 1998இல் புரூணை இளவரசர் ஜெஃப்ரியின் வழக்கிலோ, இரகசியம் கசியும் மெய்யான அபாயம் இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பைப் பிரபுக்கள் சபை, அவருக்காக முன்பு பணியாற்றிய நிறுவனத்தின் மீதே சுமத்தியது. பின்னதே நியாயமென்பது என் கருத்து. ஜூனியர் சீனியரை மாற்றும்போது பழைய கட்டுகளின் நினைவும் உடன் செல்வது நம் நீதிமன்ற வளாகங்களில் அன்றாடம் காணும் காட்சியாதலால், 33ஆவது விதியை அலுவலகம் முழுவதற்கும் விரிவாக்குவதைப் பார் கவுன்சில் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும்.